கடைசி டிராமுக்குப் பின்

பகலில் அளக்க முடியாது.
பிர்னோ நகரத்து நான்காம் எண் டிராம்
எங்கள் பட்டறைச் சன்னலை உரசிக்கொண்டு திரும்பும்.
திரும்பும்போதெல்லாம் மீட்டரின் முள்
திடுக்கிட்டு எழுந்து உட்காரும்.
ஆகவே இரவு.
ஆகவே பிளாஸ்க்கில் காப்பி, போஹுஷ், நான்.

வெள்ளிக்கிழமை நாடக அரங்குக்குப் போக வேண்டிய ஆம்ப்ளிஃபையர்.
நான் வரைந்தது, நான் பற்றவைத்தது.
ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில்
எட்டு ஓம் மின்தடை ஒன்று
அறுபது வாட்டையும் விழுங்கிவிட்டு
மூச்சுக் காட்டாமல் சுடுகிறது.
அதன்மேல் போஹுஷ் தன் ரொட்டியை வாட்டுகிறார்.

விசாரிக்கும் முறை எளிது.
ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரே ஒரு சுரம்,
வழவழப்பான சைன் அலை, உள்ளே போகிறது.
வெளியே வருவதிலிருந்து அதே சுரத்தை
வடிகட்டி எடுத்துவிடுகிறோம்.
கொடுத்ததைத் திரும்ப வாங்கிய பிறகும்
மிச்சம் ஏதாவது இருந்தால்
அது பெட்டி தானாகச் சேர்த்துச் சொன்னது.
சாட்சிகளிடமும் இப்படித்தான் என்பார் போஹுஷ்,
இரண்டு வருடம் சட்டம் படித்துவிட்டு ஓடி வந்தவர்.

மிச்சம் இருந்தது.
0.09 சதவீதம்.
எந்தக் காதுக்கும் எட்டாது.
ஆனால் அரங்குக்காரர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது
அதில் பத்தில் ஒரு பங்கு.

"உன் அவுட்புட் ஸ்டேஜ், த்ரஹோமீரா" என்றார்.
திங்கள் இரவு நான்கு டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கிப்
புதியவை வைத்தேன்.
செவ்வாய், பயஸை மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன்.
புதன், கிரவுண்ட் கம்பிகள் அத்தனையையும் அறுத்து
ஒரே புள்ளியில் கொண்டு சேர்த்தேன்.
0.09.
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
நின்றது முள்.

ஜெனரேட்டரைப் பற்றி நான் கேட்கவில்லை.
அது போஹுஷ் கைபட்டுச் சரியானது,
முதுகில் அவர் கையெழுத்து, தேதி.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
அந்தப் பேச்சு வரக்கூடாதென்று
வாயை மூடிக்கொண்டேன்.

வியாழன். கடைசி டிராமும் போயிற்று.
அவர் கைகழுவப் போன நேரம்
பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.
ஜெனரேட்டரிலிருந்து நேராக மீட்டருக்கு
அதே கேபிள்.
நடுவில் யாரும் இல்லை.
கேள்வியையே பதிலாகக் கொடுத்தேன்.

0.09.

துண்டோடு வந்து நின்றார்.
முள்ளைப் பார்த்தார், ஓரத்துப் பெட்டியைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
கேபிளின் முனையைப் பிடுங்கி விளக்கடியில் திருப்பினார்.
நடு ஊசியில் கறுப்பு.
வெள்ளி பூசியது; துருப்பிடிக்காது, கறுத்துப்போகும்.
சட்டைப் பையில் மகளுடைய ரப்பர் இருந்தது,
திராட்சை வாசனை ரப்பர்.
அதை வைத்துத் தேய்த்தார்.

முள் விழுந்தது.
ரேஞ்சை மாற்றினேன், விழுந்தது.
இன்னொரு ரேஞ்ச். அங்கும்.

குப்பைத் தொட்டிக்குள் கைவிட்டு
என் நான்கு டிரான்சிஸ்டர்களை எடுத்தார்,
குற்றம் செய்யாதவை, கால் வெட்டுப்பட்டவை.
மேசைமேல் வரிசையாக வைத்தார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
குறிப்பேட்டில் மட்டும், தேதி போட்டு:
பிழை, கேட்ட பக்கம்.

பெட்டியை மறுபடி நடுவில் வைத்தோம்.
0.006.
சொன்ன வாக்கைவிடக் குறைவு.
போஹுஷ் கோட்டை மாட்டத் தொடங்கிவிட்டார்.
நான் அந்த மிச்சத்தைத் திரையில் ஆயிரம் மடங்கு பெருக்கினேன்.

இரைச்சலின் புல்வெளியில்
ஒரு சின்ன இரட்டை மேடு,
இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து.
இது கேபிளுடையது அல்ல.
டிராமுடையதோ அவருடையதோ அல்ல.
முதல் ஸ்டேஜில், போன மார்ச்சில்,
ஒரு மின்தடைக்கு நான் கஞ்சத்தனம் பார்த்த இடம்.
பார்த்ததும் தெரிந்துவிட்டது,
கூட்டத்தில் சொந்தக்காரரின் நடை தெரிவதுபோல.

"போதுமா?" என்றார் கதவருகிலிருந்து.
"இன்னும் குறைக்கலாம்" என்றேன்.
கை இரும்பை எடுக்கவில்லை.

நாலே முக்காலுக்கு முதல் டிராம் திரும்பியது.
திரை முழுக்கக் கலைந்தது.
பிறகு அந்த மேடு வந்து உட்கார்ந்தது,
அதே இடத்தில்,
அதே சாய்வோடு.