இருபது பண்டல்

நெல்லூர்பேட்டையில் கரண்ட் போய்
மெழுகுவத்தியில் போடுகிறேன் ஆறாவது சமன்பாடு.
பொட்டாசியம் குளோரேட் சூடானால்
பொட்டாசியம் குளோரைடு, கூடவே ஆக்ஸிஜன்.

இடப்பக்கம் மூன்று ஆக்ஸிஜன், வலப்பக்கம் இரண்டு.
காலடியில் இருக்கும் சின்ன எண்ணைத் தொடாதே,
முன்னால் மட்டும் கை வை
என்பார் ஏஞ்சலின் மிஸ்.
அழித்தழித்துத் தாள் ஓட்டை.

தீப்பெட்டி ஆபீஸ் சீட்டை நீட்டுகிறாள் அம்மா:
"நூத்திருபது பண்டல் போட்டேன்,
நூறுன்னு எழுதியிருக்கான். பாரேன்."

பார்த்தேன்.
பொருள் அழியாது என்று
ஒன்பதாவதிலேயே படித்தாயிற்று.
இருபது பண்டல் எந்தப் பக்கமும் இல்லை.

காற்றில் மெழுகுவத்தி அணைய
அம்மா குச்சி உரசினாள்.
சர்ரென்ற அந்த வெளிச்சத்தில்
குளோரேட்டுக்கு இரண்டு, குளோரைடுக்கு இரண்டு,
ஆக்ஸிஜனுக்கு மூன்று.

"வந்துடுச்சா?"
"எனக்கு வந்துடுச்சும்மா."