அங்கிட்டு ஓதம்

சோணைமுத்து வந்ததும் டப்பாவைத் திறக்கவில்லை.
நடுவிரலை மடக்கிச்
சுவரைத் தட்டிக்கொண்டே போனார்,
தர்பூசணி வாங்குகிறவர்போல.
பீரோவை நகர்த்தித் தட்டியபோது
பொத்தென்றது.

"இங்க பெயிண்ட்டு நிக்காதுக்கா.
உள்ள தண்ணி நிக்குது."

மூன்று வருடத்தில்
மூன்று நிறம் பூசிவிட்டேன் அங்கே.
சந்தனம், வெளிர்பச்சை,
கடைக்காரர் 'யானைத்தந்தம்' என்று விற்ற ஒரு மஞ்சள்.
ஒவ்வொரு கார்த்திகையிலும்
அப்பளமாய்ப் பொரிந்து உதிர்ந்தது.
உதிர்ந்த இடத்தில் ஒரு கறை,
படுத்திருக்கும் ஆட்டின் வடிவில்,
தெருவைப் பார்த்தபடி.

வீடு வைத்திருப்பவர்களே,
நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டதைச்
சும்மா தருகிறேன்:
ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை
நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.
இரண்டு நாள் தொடாதீர்கள்.
தாளின் வெளிமுகம் வியர்த்தால்
அது உங்கள் உலைக்கொதி;
ஜன்னலைத் திறந்தால் போய்விடும்.
உள்முகம் வியர்த்தால்
சுவர் எங்கிருந்தோ குடிக்கிறது.

எங்களுடையது உள்ளே வியர்த்தது.

அந்தச் சுவருக்கு அங்கிட்டு சாந்தாராம் வீடு.
வில்லாபுரத்தில் இந்த வரிசை முழுக்கப் பொதுச்சுவர்.
பேச்சு மட்டும் பொதுவில் இல்லை.
ஒன்பது அங்குலச் செங்கல்,
அதன்மேல் ஆறு வருடம்.
மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரை
அரையடி தள்ளிக் கட்டிவிட்டார்கள் என்று
என் கணவர் தனுஷ்கோடி ஒரு மனு.
எங்கள் முருங்கை அவர்கள் மாடியில் கொட்டுகிறதென்று
அவர்கள் ஒரு மனு.
முருங்கை எதையும் படிக்காமல்
இரண்டு பக்கமும் காய்த்தது.

"அவிங்க பாத்ரூமுதான்" என்றார் தனுஷ்கோடி,
கேஸ் ஜெயித்த முகத்தோடு.

சோணைமுத்து உப்புத்தாளைக் கீழே வைத்தார்.
"அங்கிட்டுப் பாக்காம இங்கிட்டுப் பூச மாட்டேன்.
ஆறு மாசத்துல உரிஞ்சா
உரியிறது என் பேருல்ல?"

போனது நான்தான்.
வெறுங்கையோடு எப்படிப் போவதென்று
நிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு.

சுலோசனா கதவைத் திறந்தார்.
வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.
"சுவர்..." என்றேன்.
உள்ளறைக்கு நடந்துபோய்
தினசரிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினார்.

அதே ஆடு.
அதுவும் தெருவைத்தான் பார்த்திருந்தது.

"எங்க பாத்ரூமு பின்னாடி இருக்கு.
இந்தப் பக்கம் குழாயே கிடையாது.
நாங்களும் நாலு தடவ பூசிட்டோம்.
உங்க வேலைன்னு இவரு சொன்னாரு."

மாடியில் போய்க் குனிந்தோம், நான்கு பேர்.
மழைத்தண்ணீர்க் குழாய்
எங்கள் சுவருக்குள் இறங்குகிற வாய்.
அவர்களின் அரையடி நெருக்கியதில்
கை நுழைய இடமில்லை.
சோணைமுத்து கம்பியைவிட்டு இழுத்தார்:
முருங்கை இலை, ஆறு வருடத்து முருங்கை இலை,
களியாகக் குழைந்து,
அதற்குக் கீழே விரிசல்விட்ட ஒரு முழங்கை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

குழாய்க்கு நானூற்று எண்பது ரூபாய்.
பாதியைச் சுலோசனா கொடுத்தபோது
சில்லறை இல்லை என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

மற்றது எளிது, பொறுமை இருந்தால்.
பொரிந்த பூச்சைச் சாந்து தெரியச் சுரண்டுங்கள்.
பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள்;
கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும்.
பங்குனி வெயிலில் ஒரு மாதம் சுவரைச் சும்மா விடுங்கள்,
விருந்தாளி வந்தால் கேட்கத்தான் செய்வார்கள்.
மறுபடி பாலிதீன் ஒட்டிப் பாருங்கள்.
பிறகுதான் பிரைமர், பட்டி, தேய்ப்பு, மீண்டும் பிரைமர்.
நிறம் கடைசி.
அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்,
சுவரில் ஒரு முழம் பூசிக்
காலையில் ஒருதரம், டியூப்லைட்டில் ஒருதரம் பாருங்கள்.
இரண்டு டப்பா வாங்கினால் ஒரே வாளியில் கலக்குங்கள்.
இரட்டைப் பிள்ளைகளுக்கும்
நிறம் கொஞ்சம் மாறும்.

அங்கிட்டு என்ன நிறமென்று
இன்னும் நான் பார்க்கவில்லை.
நேற்று பீரோவை ஒட்டும்முன்
விரலை மடக்கித் தட்டினேன். கணீர்.
சற்றுப் பொறுத்து
அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு.

"யாரு கதவைத் தட்டுறா?" என்றார் தனுஷ்கோடி.
மனுக்கள் இரண்டும்
மாநகராட்சியில் அப்படியே இருக்கின்றன.