முப்பத்தொன்றாவது முனியறை

கோவில்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே
பாகு காயும் வாசம்.
கரும்புச் சக்கையின் புகை பாம்பாற்றின் மேல்
நகர மனமில்லாமல் கிடந்தது.
பஞ்சாயத்து கொடுத்த நோட்டு,
ஐந்து மீட்டர் டேப், வெள்ளைப் பெயிண்ட் ஒரு டப்பா,
ஒரு சீப்பு நேந்திரம்பழம், ஷைஜு.

மலையில் எத்தனை முனியறை என்று
யாருக்கோ மார்ச்சுக்குள் தெரிந்தாக வேண்டும்.

கீழே வேலிக்குள் சந்தன மரங்கள்.
ஒவ்வொன்றுக்கும் மார்பில் எண்,
எண்ணுக்குக் காவல், காவலுக்கு நாய்.
ஏற ஏற மரம் விலகிக்கொள்கிறது.
பிறகு புல்தான். தைலப்புல்.
மிதித்தால் மணக்கும்,
கையால் விலக்கினால் அறுக்கும்.
யானை போன தடத்தில் அது இன்னும் நிமிரவில்லை.
'நேத்தையது' என்றான் ஷைஜு,
இலத்தியைச் செருப்பு நுனியால் கிளறி.
அதன்பின் வெகுதூரம் இருவரும் பேசவில்லை.

பாறை தொடங்கும் இடத்தில் அவை.
மூன்று பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடி,
ஒரு பக்கம் திறப்பு.
சில சரிந்து, சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
சந்தை கலைந்தபின் கிடக்கும் பெட்டிகள் மாதிரி.

எழுதினேன்.
நான்கு: மூடி இல்லை.
ஒன்பது: ஆட்டுப் புழுக்கை, பீர் பாட்டில்.
பதினாறு: கரியால் 'பினு – செல்வி', தேதி இல்லை.
பதினேழு: எலுமிச்சை ஒன்று, புதுசு.
இருபத்திரண்டு: இது அறையா,
வெறுமனே விழுந்த கல்லா
தெரியவில்லை.

பெயிண்ட் அடிக்க எனக்குக் கை வரவில்லை.
ஷைஜுதான் அடித்தான், மூலையில், சின்னதாக,
சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோல.

முப்பத்தொன்றில் டேப்பின் நாக்கு அறுந்து
உள்ளே ஓடிவிட்டது.
'நான் அஞ்சடி ஏழு. எழுதிக்கோ சேச்சி'
என்று தவழ்ந்து போய் மல்லாந்து படுத்தான்.
முழங்காலை மடக்க வேண்டியிருந்தது.
சிரித்தோம்.
'நல்ல தணுப்பு' என்றான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கூப்பிட்டேன்.
இன்னொரு தரம் கூப்பிட்டேன்.
குனிந்து பார்த்தால் வாய் திறந்து தூங்குகிறான்,
ராத்திரி முழுக்க மூணாறுக்கு ஜீப் ஓட்டியவன்.

பாறையில் உட்கார்ந்தேன்.
அணைப் பக்கம் மேகம், இந்தப் பக்கம் வெயில்.
போனில் தமிழ்நாடு வரவேற்றது.
நாலடி தள்ளி உட்கார்ந்தேன், கேரளம் வரவேற்றது.

இப்படித்தான் யாரையோ உள்ளே வைத்துவிட்டு
யாரோ இந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பார்.
இன்னொரு தரம்
கூப்பிட்டும் பார்த்திருப்பார்.

மூடியின் அடிப்பக்கம் எறும்பு வரிசை ஒன்று
அவன் நெற்றிக்கு நேர் மேலே போய்க்கொண்டிருந்தது.
ஒரு பழத்தை உரித்தேன். பாதி தின்றேன்.
எழுப்பவில்லை.

நீளம் என்ற கட்டத்தில்
'ஓர் ஆள், முழங்கால் மடக்கி' என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
'உயிரோடு' என்று எழுதி, அடித்தேன்.
ஆபீசில் கேட்பார்கள்.

மழையின் முதல் துளி மூடிக்கல்லில் விழுந்த சத்தத்துக்கு
அவனே விழித்து,
ஒரு கணம் எங்கே என்று தெரியாமல் கல்லைத் தடவி,
'எத்தனாவது சேச்சி?' என்றான்.