தடத்துக்கு விலக்கில்லை

பதினேழாம் குழியில்
பாக் யூன்-ஹாவின் பந்து,
ராத்திரி ராகிக்கொல்லைக்குப் போன யானையின்
காலடிக்குள் கிடந்தது.
கொடியோடு நின்ற நான்தான் பார்த்துச் சொன்னேன்.

நடுவர் புத்தகத்தைப் புரட்டினார்.
எலி வளை என்றால் எடுத்து வைக்கலாமாம்,
தடத்துக்கு விலக்கில்லையாம்.

ஒரு காலத்தில் உலகத்திலேயே ஒன்பதாவது ஆள்.
இப்போது முப்பத்தாறு வயது, மணிக்கட்டில் கட்டு,
தேன்கனிக்கோட்டை வெயில்.

குந்தி உட்கார்ந்து சாணால் அளந்தாள்.
இரண்டு சாண்.
மூன்று நாளில் அப்போதுதான் சிரித்தாள்.

முதல் வீச்சில் மண் வந்தது.
அடுத்ததில் பந்து.

ஒரே ஒரு அடியில் போயிற்று.
வேன் ஏறுமுன் என் அட்டையைப் பார்த்து
முனி, ரத், னா என்றாள்.
நான் அவள் பெயரைச் சொல்லிப் பார்க்கவில்லை.

காலையில் பள்ளம் மூட மண்வெட்டியோடு போனேன்.
அவள் கிளப்பிப் போட்ட மண்மேல்
இன்னொரு கால்,
சின்னது.