பதினோரு ராத்திரிக் கிணறு

பாலக்கோட்டில் முதல் பஸ்.
காலை மாத்திரை போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள்.
டீ மட்டும் குடித்தேன்,
கண்ணாடித் தம்ளர் கையில் தந்தியடித்தது.
மருந்து கொடுத்த நடுக்கம் இது என்று
கடைக்காரருக்கு விளக்கத் தெம்பில்லை.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
ரத்தம் எடுக்கிற பையன்
நரம்பைத் தட்டித் தட்டித் தேடுகிறான்.
எனக்குள் எவ்வளவு உப்பு நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.
உப்புதான். லித்தியம் என்று பேர்.
பாறையிலிருந்தும் எடுப்பார்களாம்.
கல்குவாரிப் பக்கம் பிறந்தவளுக்கு
அதில் ஆச்சரியமில்லை.
கூடினால் விஷம், குறைந்தால் வீண்.
நடுவில் ஒரு வரப்பின் அகலம்.
நாலு வருஷமாக அதன்மேல் நடக்கிறேன்.

தக்காளி கிரேடு அறுபது ரூபாய்க்கு விழுந்த வாரம்
மண்டியில் கணக்கெழுதும் நான்
எழுந்து நின்று கையைத் தூக்கினேன்.
எல்லாம் எனக்கே.
நானூறு கிரேடு.
சாஸ் கம்பெனி. பேர்கூட வைத்தாயிற்று.
தாலிக்கொடியைக் கழற்றி அட்வான்ஸ் கொடுத்தேன்.
ஒருத்தரும் தடுக்கவில்லை,
அவ்வளவு அழகாகப் பேசினேனாம்.

பிறகு வாசலில் நானூறு கிரேடும் கசிந்தன.
உள்ளே நான்.
பல் விளக்கும் பிரஷ்
பெங்களூர் தூரத்தில் இருந்தது.
அழுகை வந்திருந்தால் நன்றாயிருக்கும்.
ஈக்களின் சத்தம்தான் வந்தது.

சளி பிடித்திருந்த அந்தச் சின்ன டாக்டரம்மா
ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை.
எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றார்.
ஒன்பது நாளில் எல்லாம் கூட்டி
ஒரு ராத்திரிகூடத் தேறவில்லை.
வீட்டில் வேறு யாருக்காவது?
இல்லை என்றார் பச்சியப்பன், என் வீட்டுக்காரர்.
கிணறு என்றேன் நான்.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே, எங்கள் கொல்லையில்,
சித்தப்பா தனியாளாக வெட்டியது.
அரிக்கேன் விளக்கு, கடப்பாரை,
விடிய விடியப் பாட்டு.
பதினோரு ராத்திரி.
பாறை தட்டியதும் கடப்பாரையை அப்படியே சாய்த்துவிட்டு
வந்து படுத்தவர்
ஒரு வருஷம் சுவரைப் பார்த்தார்.
முனி அடித்துவிட்டது என்று சேவல் அறுத்தார்கள்.
வேப்பிலையால் அடித்தார்கள், பிறகு வேறு எதனாலோ.
அதற்குப் பிந்தியதை எங்கள் வீட்டில் பேசுவதில்லை.
கிணற்றின்மேல் முள் போட்டு மூடியிருக்கிறது.

டாக்டரம்மா ஒரு வரி எழுதினார்:
சித்தப்பா, இருக்கலாம்.
ரத்தத்தில் கொஞ்சம் வருமாம்.
மீதிக்கு நானே கணக்கு வைத்திருந்தேன்:
கந்துவட்டி,
மூன்று மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போன பையன்,
சீசனில் ராத்திரி லோடுகள்.
எது விதை, எது மழை என்று
பிரித்துச் சொல்ல யாராலும் முடியாதாம்.
ஆனால் குற்றம் என்று ஒரு கட்டம்
அந்தப் பாரத்தில் இல்லவே இல்லை.
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

போன மாதம் கிரேடு ஆயிரத்து நூறுக்குப் போனது.
பச்சியப்பன் சிரித்தார். நானும் சிரித்தேன்,
கொஞ்சம் நீளமாக.
மகள் எழுந்துபோய்
மாத்திரை அட்டையை எண்ணினாள்.
ராத்திரி தூங்கினியா, என்றார் அவர்.
சிரிப்பு வாயிலேயே ஆறிப்போனது.

இன்று அதைத்தான் கேட்டேன்:
நல்லா இருக்கிறவங்க எவ்வளவு நேரம் சிரிப்பாங்க டாக்டர்?
அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
அளவு தெரியாது என்றார்.
அன்றைக்குத் தூக்கம் வந்ததா?
வந்தது. ஆறரை மணி நேரம்.
மண்டி நோட்டில், கிரேடு கணக்குக்குப் பக்கத்தில்,
பச்சியப்பன் தினமும் குறிக்கிறார்.
சரி, என்றார். அடுத்த டோக்கன்.

ரிசல்ட் மூன்று மணிக்கு.
புங்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன்.
நாக்கு வறள்கிறது,
இதுவும் மருந்தால்தான்,
நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
இரண்டு லிட்டர் பாட்டில்.
பாதி காலி.
சித்தப்பா கிணற்றில்
கடைசிவரை ஊறவே இல்லை.