இருபத்திரண்டு கிராம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர் லாரிகளை எடை போடும் அறை என்னுடையது.
எட்டடிக்கு எட்டடி, ஒரு சன்னல், ஒரு திரை.
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே
சிலசமயம் நாலு நிமிடம்,
துறைமுகத்தில் கேட்டை மூடிவிட்டால்
மூன்று மணி நேரம்.

அப்படி ஒரு மூன்று மணி நேரத்தில்தான்
சூடான டீ கிளாஸைப் பிடிக்கத் துணி தேடினேன்.
மேசை டிராயரில் நூல்பந்துதான் இருந்தது.
ரசீதுக் கட்டுகளைக் கட்டும் வெள்ளைப் பருத்தி.
கார்பன் மை பட்டு ஒரு பக்கம் நீலம்.

ஏழாம் வகுப்புக் கைவேலையில்
ஐம்பதுக்கு இருபத்தொன்று வாங்கியவள் நான்.
ஸ்வெட்டர் பின்னச் சொன்னார்கள்.
ராயபுரத்தில், ஏப்ரலில், ஸ்வெட்டர்.
ஒரு கை முடிந்தது.
மறு கைக்குள் பரீட்சை வந்தது, கல்யாணம் வந்தது,
ஜெரோம் துபாய் போனான், வந்தான், போனான்.
அந்த ஒற்றைக் கை
எந்த பாட்டிலுக்கு உறையானதோ.

இரண்டு ரீஃபில்களை ஊசியாக்கினேன். வளைந்தன.
மறுநாள் ஈவினிங் பஜாரில் ஒரு ஜோடி, அறுபது ரூபாய்.
சில்லறை இல்லையென்று கடைக்காரர்
குரோஷா ஊசி ஒன்றைக் கையில் திணித்தார்.

நாலு கண்ணியில் ஆரம்பம்.
வரிசைக்கு ஒன்று கூட்டு, நாற்பது வரும்வரை.
பிறகு வரிசைக்கு ஒன்று கழி.
திரும்ப நாலு. அவ்வளவுதான் துணி.
எனக்கு ஒன்றுமே நினைவில்லை.
ஆனால் இடது சுட்டுவிரல்,
பஸ்ஸில் தெரிந்தவளுக்கு
இடம் போட்டு வைத்தவள் மாதிரி,
நூலைச் சுற்றிக்கொண்டு முன்பே உட்கார்ந்திருந்தது.

முதல் துணி சதுரமில்லை. இலங்கை மாதிரி இருந்தது.
இரண்டாவதில் ஒரு கண்ணி நழுவி
கீழே கீழே போய்
காலுறையில் ஓட்டை விழுவதுபோல் வழி திறந்தது.
மூன்றாவது, சரி, துணிதான்.
அதற்கு மட்டும் கொக்கியால் ஓரம் கட்டினேன்.
மேற்கிலிருந்து மணலி வாடை.
உப்புக்காற்றில் நூல் நனைந்து ஊசியோடு ஒட்டுகிறது.
எழுந்து மின்விசிறியை மூன்றில் வைத்தேன்.

கிளீனர் சூசைமணி காசிமேட்டுக்காரன்.
ரசீதுக்கு வந்தவன் சன்னலில் முழங்கையூன்றிப் பார்த்தான்.
‘யக்கா, இத்தனூண்டு கண்ணி போட்டா
மீன்வளத்துறைல கேஸ் போடுவான்.’
பிறகு வாங்கி, விரித்து, விளக்குக்கு நேரே பிடித்தான்.
‘முடிச்சே காணோமே?’
இல்லை என்றேன்.
‘இஸ்த்தா மொத்தமும் வந்துடுமே?’
வரும் என்றேன்.
‘அப்ப எப்டிக்கா நிக்குது?’
பின்னாலிருந்த டிரெய்லர் ஹாரன் அடித்தது.
எனக்கும் பதில் தெரியாது.

ஜெரோமிடம் போனில் சொன்னேன்.
ரங்கநாதன் தெருவில் மூணு பத்து ரூபாய் என்றான்.
தெரியும் என்றேன்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அங்கே ஏதோ இரும்பு இறங்கும் சத்தம்.
‘எனக்கு ஒண்ணு வை’ என்றான், ‘டிபன் பாக்ஸ் துடைக்க.’

ஒரு விடிகாலை யாரும் இல்லாதபோது
துணியை எடை மேடை நடுவில் போட்டுவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
பத்து கிலோவுக்குக் கீழே எதுவும் அதற்குத் தெரியாது.

போன வாரம் வளையலை மீட்க
அடகுக்கடைக்குப் போனபோது
துணியையும் அந்தச் சின்னத் தராசில் வைக்கச் சொன்னேன்.
கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தார்.
இருபத்திரண்டு கிராம்.
வளையல் பதினாறு.

இப்போது பதினான்கு துணிகள்.
வீட்டில் தோசைக்கல்லுக்கு, கண்ணாடிக்கு,
பக்கத்து வீட்டு மெஹரூனின் குழந்தைக்கு வாய் துடைக்க.
ஒன்றைச் சூசைமணி கேட்காமல் எடுத்துப்போனான்.
நேற்று அவன் லாரிக் கண்ணாடியருகே
கன்னங்கரேலென்று தொங்கியது.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றிருபது என்று
ரசீது அடித்துக் கொடுத்தேன்.
அதற்குள் மடியில் ஊசி சரிந்து
பத்துப் பன்னிரண்டு கண்ணிகள் வெளியே.
பொறுக்க வேண்டும்.
அடுத்த லாரி வருவதற்குள், முடிந்தால்.