வில்லனுக்கு உரிய குரல்

"இந்தாள் வில்லனா? சொல்லிட்டு உள்ள போங்க.
வில்லன்னா குரலக் கீழ இறக்கணும்."
கண்ணாடிக்கு அப்பால் நிஸ்தார்,
ஒரு காதில் மட்டும் ஹெட்போன்.
கிருலப்பனையில் மூன்றாம் மாடி.
ஏசியை நிறுத்தினால்தான் ஒலிப்பதிவு.
நிறுத்தினால் ஹைலெவல் வீதி பஸ்கள்
சுவர் வழியே வந்து வசனம் பேசும்.

கதை இவ்வளவுதான்:
பஞ்ச காலத்தில் பிரபுவின் களஞ்சியத்தை
இரவில் திறந்துவிட்டான் ஒரு சாமுராய்.
ஊர் உலை வைத்தது.
விடிந்ததும் அவனுக்கு வாள் பழக்கியவரே
வாசலில் வந்து உட்கார்ந்தார்.
ஒரு கையில் பிரபுவுக்குக் கொடுத்த வாக்கு,
மறு கையில் வெள்ளைத் துணி.
முதல் நாள்தான் அவனைத் தன் மகனென்று
குடும்ப ஏட்டில் எழுதியிருந்தார்.
அவருக்குத்தான் நான் குரல்.
"வாளைக் கீழே வை."
இரண்டு விநாடிக்குள் முடிக்க வேண்டும்.

முதல் டேக்கில் உறுமினேன்.
"பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி இருக்கு."
இரண்டாவதில் அழுகை வந்துவிட்டது.
"இது செத்த வீடு இல்ல."

மூன்றாவதற்கு முன் தண்ணீர் குடிக்கும்போது
அரியநாயகம் ஞாபகத்துக்கு வந்தார்.

செட்டியார் தெரு, நகைக்கடை, தலைமைக் காசாளர்.
ரப்பர் விரலுறை போட்டு நோட்டு எண்ணுவார்.
எனக்கு எண்ணப் பழக்கியதும் அவர்தான்:
கள்ள நோட்டைக் கண்ணால் பார்க்காதே, விரலால் கேள்.
என் லாச்சியில் பதினெட்டாயிரம் குறைந்த மாலை
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
முதலாளிக்குச் சொன்னார். பிறகு பொலிசுக்கு.
அடுத்த நாள் நீதவானுக்கு முன்னால்
அவரே எனக்குப் பிணை நின்றார்.
கையெழுத்து வழக்கம்போல அச்சு மாதிரி.
வெளியே வந்து புதுக்கடையில்
இடியப்பம் வாங்கித் தந்தார்.
"தின்," என்றார்.
நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.
பில்லை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

அந்தச் சாமுராய் ஊருக்கு அரிசி கொடுத்தான்.
நான் கைபேசி வாங்கினேன்.
பன்னிரண்டு வருடம் இந்த வித்தியாசத்தை
எனக்கே சொல்லாமல் வைத்திருந்தேன்.
அரியநாயகத்தை வில்லனாக்க
எனக்கொரு பஞ்சம் தேவைப்பட்டது.

ஆனாலும் நிஸ்தார்,
ஓர் இரவு பேசாமல் இருந்திருக்கலாம்தானே அவர்?
ஒரே ஓர் இரவு. காலையில் திரும்ப வைத்திருப்பேன்.
வைத்திருப்பேனா?
அவருடைய கை சுத்தம்.
துடைத்த துணி நான்.
அந்தத் துணியை எறியவும் அவருக்கு மனமில்லை,
இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கண்ணாடியில் தட்டுகிறான். சிவப்பு விளக்கு.
திரையில் அவர் உட்கார்ந்திருக்கிறார்
முதுகு நேராக,
நோட்டுக் கட்டைப் பிரிக்கப் போகிறவர் போல.

"வாளைக் கீழே வை," என்றேன்,
"தின்" என்று சொல்வதுபோல.

நிஸ்தார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
"வில்லனா இல்லையா, அத நீங்க சொல்லவே இல்லியே?"
சுவரில் ஏதோவொரு பஸ் ஹோர்ன் அடித்தது.
"சரி, இன்னொன்டு எடுப்போம்.
பஸ் சத்தம் விழுந்திட்டு."